ஏழுபானை வகையறா

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை முழுக்கப் படிக்காமல் மெஸ்ஸக்கா எந்தப் பேருந்து நிலையத்தையும் தாண்டிப் போனதில்லை. போட்டோவைப் பார்க்க மாட்டார். பிறந்த தேதி, இறந்த தேதி பார்க்க மாட்டார். கண் நேராகக் கீழே இறங்கும். மகன்கள், மருமகள்கள், பேரன்கள், பங்காளிகள் என்று பொடி எழுத்தில் அடித்திருப்பார்களே, அங்கே போய் நிற்கும். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக நகர்த்துவார்.

“செத்தவரு மொகத்தப் பாத்து என்ன ஆகப் போவுது? மிச்சம் இருக்கிறது யாருன்னு பாரு” என்பார் என்னிடம்.

ஒரு தடவை குன்னூர் மார்க்கெட் சுவரில் ஒரு அஞ்சலியின் கீழ்ப்பாதியைச் சினிமா சுவரொட்டி மறைத்துக்கொண்டிருந்தது. அக்கா புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அதைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். மழையில் ஊறிய தாள். கதாநாயகனின் தாடை பாதி பிய்ந்து வந்துவிட்டது. பக்கத்துப் பூண்டுக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, அந்தத் தம்பி உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?”

“அதுக்குக் கீழ எங்க பங்காளி இருக்கானான்னு பாக்குறேன்.”

“இருக்காருங்களா?”

“இல்ல. இவங்க வேற ஆளுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா ஊக்கைத் திரும்பக் குத்திக்கொண்டார். முகத்தில் ஏமாற்றம் இல்லை. ஒரு சுவர் முடிந்தது, அடுத்த சுவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் தேடியது ஒரே ஒரு பெயரை. ஏழுபானை.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் நடுவட்டத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மெஸ் அவருடையது. பேருந்துகள் ஐந்து நிமிடம் நிற்கும். இட்லி, வடை, டீ. டீயை அவர் தேத்தண்ணி என்பார். சிலோன் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறித் திரும்பி வந்தவர். அவருடைய சொந்தப் பெயரை ரேஷன் அட்டையில் பார்த்திருக்கிறேன். மலையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

ஏழுபானை என்பது ஒரு வகையறாவின் பெயர். ஒரு பாட்டன் வழியில் வந்தவர்கள் எல்லாரும் ஒரு வகையறா; அவர்களுக்குள் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி முறை. பெண் கொடுக்கல் எடுக்கல் கிடையாது. துறையூருக்கு அந்தப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் இந்த வகையறா தொடங்கியது என்பது அக்கா கண்டுபிடித்தது. ஏழு அண்ணன் தம்பிகள். பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பியபோது ஆளுக்கொரு பானையில் விதைத் தானியம் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை. இல்லை, குலசாமிக்கு ஏழு பானைப் பொங்கல் வைக்கிற உரிமை அவர்களுக்கு இருந்தது என்று ஒரு கதை. இப்படி நான்கு கதைகள் சேர்த்து வைத்திருந்தார். எது நிஜம் என்று கேட்டால், “நாலும் இருக்கட்டும். எல்லாம் ஆளுங்க சொன்னதுதான” என்பார்.

மெஸ்ஸின் உள்சுவரில் ஒரு பெரிய சுருள் தொங்கும். மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கங்களை மைதாப் பசை போட்டு ஒட்டி ஒட்டி நீட்டியது. பனியில் ஊறிப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பாலிதீன் உறை. அதையும் மீறி ஈரம் ஏறினால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போடுவார். ஏழு வட்டங்கள். ஆறு வட்டங்களிலிருந்து கோடு கோடாகக் கிளைகள் இறங்கின. சேரம்பாடி, கோத்தகிரி, கேரளத்து ரப்பர் தோட்டம், ஆந்திரத்து நூல் மில், இன்னும் சிலோனிலேயே தங்கிவிட்டவர்கள். ஏழாவது வட்டத்தில் ‘இளையவன்’ என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே வெறும் தாள்.

இதை எதற்காகச் செய்கிறார் என்று அவர் யாருக்கும் விளக்கியதில்லை. ஒரே ஒரு தடவை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னார். கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியதும், சிலோனில் ஒரே லயத்தில், ஒரே வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்களை வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்களாம்.

“காலையில எல்லாரும் ஒரே பானையில கஞ்சி குடிச்சோம். மத்தியானம் ஆளுக்கொரு லாரி. எங்க பெரியப்பா லாரியிலருந்து கைய ஆட்டுச்சு. நாளைக்குப் பாப்போம்னு நெனச்சிக்கிட்டு நானும் ஆட்டுனேன்.”

பெரியப்பா மகன் சேரம்பாடியில், நாற்பது மைலுக்குள், தேயிலை பறித்துக்கொண்டிருந்ததை அவர் கண்டுபிடிக்க இருபது வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் ஒரு அஞ்சலிச் சுவரொட்டி மூலமாகத்தான். பெரியப்பாவின் அஞ்சலி.

பேருந்திலிருந்து இறங்கும் ஆட்களிடம் கேட்பார். டம்ளரை நீட்டும்போதே, “எந்த வகையறாங்க?” ஒருநாள் காலேஜ் படிக்கிற மாதிரி இருந்த பையன் ஒருவன் டம்ளரை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “டீ குடிக்கச் சாதி சொல்லணுமாங்க இங்க?” நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா டம்ளரை அவன் பக்கம் பெஞ்சில் வைத்தார். பேருந்து போனபிறகு உள்ளே வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார். “அவன் கேட்டது நாயந்தான்” என்றார். மறுநாளிலிருந்து கேள்வியை மாற்றிவிட்டார். “நீங்க ஏழுபானையா? இல்லன்னா வேற ஒண்ணும் சொல்ல வேணாம், தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போங்க.”

கேலி செய்கிறவர்களும் உண்டு. ஒரு டிரைவர் வாராவாரம் சீண்டுவார். “ஏனக்கா, பொம்பளைக்குக் கட்டிக்கிட்டுப் போன ஊட்டு வகையறாதான? பொறந்த ஊட்டுதுக்கு இந்த ஓட்டம் எதுக்கு?”

“எம் புருசன் வகையறா தொலைஞ்சு போகலியே. தொலைஞ்சதத்தான தேடணும்? வடை ஆறுது, தின்னு.”

சுவரொட்டியின் அடியில் இருக்கும் செல்போன் எண்ணுக்குக் கூப்பிட்டுத் துக்கம் விசாரிப்பார். அது முடிந்ததும் மெதுவாக வகையறாவுக்கு வருவார். ஒருமுறை மறுமுனையில் பறைச் சத்தம் கேட்டது. “அக்கா, இன்னும் எடுக்கவே இல்லைங்க, அப்புறமாக் கூப்புடுங்க” என்றது ஒரு குரல். அக்கா அப்புறமாகக் கூப்பிட்டார். அந்தக் குரல்தான் கோத்தகிரிக் கிளை. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் முறுக்கு வந்தது.

இப்படி அவரைப் பற்றி மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்று நான்கைந்து தடவை முயன்றேன். முடியவில்லை. அந்தச் சுருளில் என் கையெழுத்து இருந்தது.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். போர்வெல் வண்டி, புரோட்டாக் கடை, கோழிப்பண்ணை என்று சுற்றிவிட்டு ஊட்டிப் பக்கம் கேத்தியில் கேரட் கழுவும் மெஷினில் வேலை செய்தேன். ஆடி மழையில் அந்த வேலை நின்றது. கூடலூரில் ஏதாவது கிடைக்கும் என்று கிளம்பினேன். கையில் இருந்தது நடுவட்டம் வரைக்கும்தான் போதுமாக இருந்தது. இறங்கி மெஸ் சுவரோரம் நின்றேன். அக்கா பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்காமல் தட்டை வைத்தார்.

அன்றைக்குச் சுருள் அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது. சாப்பிட்டபடியே படித்தேன்.

“எழுத்துப் படிப்பியா?”

“எட்டாவது வரைக்குங்க.”

“அப்ப என்னைய விட மூணு வகுப்பு கூட. எந்த வகையறா நீ?” அன்றைக்குக் கேள்வி இன்னும் மாறியிருக்கவில்லை.

எனக்கு அப்பா யாரென்று தெரியாது. நான்காவது படிக்கும்போது அம்மா செத்துப்போனாள். அதற்குப் பிறகு மூன்று வீடுகளில் வளர்ந்தேன். நான் யாருக்கு என்ன உறவு என்று மூன்றிலும் யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். தகரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மூட்டை அடுக்கும் ஒரு சின்ன அறை தெரிந்தது. அதில் ஒரு ஆள் படுக்கலாம்.

“ஏழுபானைன்னு சொல்லுவாங்க” என்றேன்.

அக்கா அடுப்பை அணைத்தார். பால் பாதிதான் காய்ந்திருந்தது.

“தாத்தா பேரு?”

தாளில் துறையூர் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் செல்வம் ஞாபகம் வந்தது. கேத்தியில் என்னோடு கேரட் கழுவியவன். மஞ்சூர்க்காரன். எனக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதன். ஒருநாள் சாக்கு தைத்துக்கொண்டிருந்தபோது சொல்லியிருந்தான்: “எங்க அப்பாரு பேரு மாரிமுத்து. துறையூர்ப் பக்கமாம். குந்தாவுல அணை கட்டறப்பக் கல்லொடைக்கத் தனி ஆளா வந்தாராம். அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது.” கொங்குப் பக்கம் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்பார்கள்.

“மாரிமுத்துங்க. துறையூர்ப் பக்கம். அணைக்கட்டு வேலைக்கு மலைக்கு வந்தாரு” என்றேன்.

அதற்குப் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தை அக்காவே சொன்னார்.

“எளையவன் வழி சிலோனுக்கு வரலன்னு எங்கப்பா சொல்லும். மலையேறிப் போயிட்டாங்கன்னு சொல்லும். எந்த மலைன்னு தெரியாம நான் கொல்லிமலை வரைக்கும் ஆள விட்டேன். இங்கயே இருந்திருக்காங்க.” விரல்களை மடக்கித் தலைமுறை எண்ணினார். “மாரிமுத்து எளையவனுக்குப் பேரனா இருக்கணும். நீ எனக்குத் தம்பி முறை.”

கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை என்னிடம் கொடுத்தார். நீயே எழுது என்றார். ஏழாவது வட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்து மாரிமுத்து என்று எழுதினேன். அதற்குக் கீழே அப்பா என்று ஒரு பெயரை அந்த நிமிடமே யோசித்து எழுதினேன். அதற்குக் கீழே என் பெயர். என் எழுத்து உருண்டையாக, நன்றாக இருக்கும். பார்க்கிறவர்கள் நம்புவார்கள்.

ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். நான் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருந்தது அதுதான். செத்துப்போன கணவரின் ஸ்வெட்டரை எனக்குக் கொடுத்தார். பேருந்தில் வந்து இறங்குகிறவர்களிடம் என்னைக் காட்டி, “எந் தம்பி. எளைய கிளை” என்பார். முதல் வாரம் காது கூசியது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் அது நிஜம் என்று நானே நினைக்கும் நாட்களும் வந்தன.

சேரம்பாடி அண்ணன் என்று அக்கா சொல்வது அந்தப் பெரியப்பா மகனை. அவருடைய மகள் ரேவதிக்கு ஊட்டியில் துணிக்கடை வேலை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது நடுவட்டத்தில் இறங்கி அத்தையைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் போவாள். எனக்கும் அவளுக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். முறைப்படி நான் அவளுக்குச் சித்தப்பா. அதை வைத்தே என்னைப் பாடாய்ப் படுத்துவாள்.

“ஏஞ் சித்தப்பா, பெத்த மகளா இருந்தா ஓட்டை வடையக் குடுப்பீங்களா?”

“வடைன்னா ஓட்டை இருக்கும் புள்ள.”

“அதக்கூடச் சொல்லித் தராமத்தான் இத்தன நாள் வளத்தீங்களா?”

செல்வம் அப்போது ஒரு பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கூடலூருக்குக் காய்கறி லோடு. எனக்காக மெஸ்ஸில் நிறுத்துவான். கொஞ்ச நாளில் ரேவதியின் லீவு நாட்கள் எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்தன. அக்கா அதை முதலில் கவனித்தார். “இந்தப் பய உனக்காகவா வண்டிய நிறுத்துறான்? எனக்கென்னமோ உன் மேல அவ்வளவு பாசம் இருக்கும்னு தோணல” என்று சிரித்தார். அவருக்கு அவனைப் பிடித்திருந்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிற டிரைவர் அவன் ஒருவன்தான்.

நான் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பாருவின் பெயர் அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே, சுவரில் சுருண்டு கிடந்தது. பேச்சு அதுவரை வராது என்று நினைத்துக்கொண்டேன். வரும் என்றும் தெரியும். ஒரு மழை நாளில் அக்கா சுருளை அடுப்பின் மேல் கட்டச் சொன்னார். கயிற்றைக் கொஞ்சம் தாழக் கட்டினால் போதும், எல்லாம் எரிந்துபோகும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கயிற்றை உயரமாகவே கட்டினேன். நல்லவன் என்பதால் அல்ல. அதில் என் பெயரும் இருந்தது.

அந்த நாளில் மலையில் இருக்கும் சிலோன் குடும்பங்கள் சம்பந்தம் பேசுவதற்கு முன் அக்காவிடம் வந்து முறை கேட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. அக்கா கூடும் என்றால் கூடும். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஆகவே ரேவதியின் பேச்சும் மெஸ்ஸிலேயே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேரம்பாடியிலிருந்து அண்ணனும் அண்ணியும் ரேவதியும் வந்தார்கள். மஞ்சூரிலிருந்து செல்வமும் அவன் அப்பா அம்மாவும் மூன்று பேருந்து மாறி வந்தார்கள். அக்கா கேசரி கிண்டி மூடி வைத்திருந்தார்.

“பையன் வகையறா என்னாங்க?” அக்கா சம்பிரதாயமாகத்தான் கேட்டார்.

செல்வத்தின் அப்பா கூச்சப்பட்டார். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். “அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. எங்கப்பா தனியா வந்தவரு. மாரிமுத்துன்னு பேரு. துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாரு. அணைக்கட்டுல கல்லொடைச்சாருங்க.”

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய்ச் சுருளை எடுத்து வந்து பெஞ்சு மேல் விரித்தார். “இந்த மாரிமுத்தா? எந் தம்பியோட தாத்தாங்க இவரு. ஒரே ஆளு. அட, நீங்க நம்மாளுங்க.” செல்வத்தின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு ஆள் சொன்ன கிளைக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது அவருக்கு.

சேரம்பாடி அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப முறை என்னா ஆவுது தங்கச்சி?”

அக்கா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பு இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“அக்கா, அது எங்க அப்பாருங்க. இவனுக்கு எப்படித் தாத்தா ஆவாரு?” செல்வம் என் பக்கம் திரும்பினான். “ஏப்பா, கேத்தியில நாந்தான உனக்குச் சொன்னேன்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்குப் பின்னால் மூட்டை அறை இருந்தது, ஸ்வெட்டர் இருந்தது, எந் தம்பி என்கிற குரல் இருந்தது.

“நீ சொன்னப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தான்னு” என்றேன். “உங்கிட்டச் சொல்லச் சங்கடமா இருந்துச்சு. துறையூர்ல அவருக்கு முதல்ல ஒரு குடும்பம் இருந்துச்சு. விட்டுட்டு வந்துட்டாரு. அதுல வந்தவன் நான்.”

யோசித்து வைத்திருந்து சொன்னதில்லை. அப்படியே வந்தது. அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

செல்வத்தின் அப்பா எழுந்தார். “எங்கப்பா அப்படிப்பட்ட ஆளில்லீங்க” என்றார். மிகவும் மெதுவாகச் சொன்னார். அவர் அப்பா தனியாக வந்த ஆள்தானே. அதற்கு முன்னால் என்ன என்று மகனுக்கே தெரியாதே.

கை கழுவும் இடத்தில் நின்றிருந்த ரேவதி, “அப்ப இவரும் எனக்குச் சித்தப்பாவா?” என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

“மக முறை ஆவுது. கூடாது” என்றார் அக்கா.

கேசரியை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு செல்வத்தின் வண்டி நிற்காமல் போனது. ரேவதி வரும் பேருந்து நின்றது; அவள் இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அக்கா ஒரு பொட்டலத்தில் வடை கட்டிக் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். திரும்பி வந்து, “ஒரு கிளை கெடைச்சுது. ஒரு புள்ளைக்கு நெனச்சது போச்சு. ரெண்டையும் சாமி எனக்கு ஒரே நாள்ல குடுத்துச்சு” என்பார். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருப்பேன். மூன்று மாதம் இப்படிக் கழுவினேன்.

மூன்றாம் மாதம் ரேவதியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. திருப்பூர் மாப்பிள்ளை. அக்கா பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருளை விரித்தார்.

“உன் எழுத்துதான் நல்லாருக்கும். ரேவதிக்குப் பக்கத்துல மாப்பிள்ள பேர எழுது.”

பேனா மூடியைக் கழற்றினேன். ரேவதியின் பெயருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. எழுத முடியவில்லை.

“அக்கா, மாரிமுத்து எனக்கு யாரும் இல்லைங்க.”

அவர் விரல் தாளின் மேல் இருந்தது.

“செல்வத்துக்கிட்டக் கேட்டதச் சொன்னேன்.”

“ஏழுபானை?”

“அதுவும் இல்லைங்க.”

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்திரிகையை எடுத்துத் தேதியைப் பார்த்தார். “ஒம்பது நாள் இருக்கு” என்றார். சால்வையைப் போர்த்திக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தார். நானும் செருப்பை மாட்டினேன். “நீ வேணாம்” என்றார்.

சேரம்பாடியிலும் மஞ்சூரிலும் நடந்ததைப் பின்னால் செல்வம் ஒரே ஒரு தடவை போனில் சொன்னான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசியதில்லை. சேரம்பாடி அண்ணன், “பத்திரிகை வச்சாச்சு தங்கச்சி. ரெண்டாவது வாட்டியும் நிறுத்திட்டு நான் யார் மொகத்துல முழிப்பேன்?” என்று சொல்லிவிட்டார். ரேவதி உள்ளேயிருந்து வந்து அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டாளாம். “அவங்க ஊட்டுல போயிச் சொல்லிருங்க அத்தை. அவங்க தாத்தா மேல ஒரு குத்தமும் இல்லன்னு.”

அக்கா மெஸ்ஸுக்குத் திரும்பாமல் மஞ்சூருக்குப் போயிருக்கிறார். மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்தார். செல்வத்தின் அப்பா அந்த மூன்று மாதமும் தன் அப்பாவின் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிப் பீரோ மேல் கவிழ்த்து வைத்திருந்தாராம். அக்கா சொல்லி முடித்ததும் துடைத்துத் திரும்ப மாட்டினாராம். ஆணி அசைந்ததால் அக்காதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார் என்றான் செல்வம்.

அக்கா இரண்டு வீட்டிலும் என்ன சொன்னார் என்று எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பேருந்துகள் சொல்லின.

“அக்கா, கண்ணாடிய மாத்துங்க. படிக்கத் தெரியாம ஒரு கல்யாணத்தையே நிறுத்திட்டீங்களாமே.”

“ஏழுபானையில ஒரு பானை ஓட்டைங்களாமா?”

“அட, வேற மாரிமுத்துன்னு கூட வெளங்காம என்னத்த வகையறா பாத்தீங்க?”

அவர் என் பொய்யைச் சொல்லவில்லை. தன் கண் சரியில்லை, இரண்டு மாரிமுத்துவை ஒன்றாக்கிவிட்டேன், தம்பி அறியாமல் சொல்லிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து சிரித்தார். வடை சுட்டார். ஆனால் யாரிடமும் ‘நீங்க ஏழுபானையா’ என்று கேட்கவில்லை. முறை கேட்டு வரும் குடும்பங்களும் வரவில்லை. நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். தப்பு என்னுது என்று அந்த டிரைவர்களிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் பொய்க்குக் கூடப் பசி என்று ஒரு காரணம் சொல்வேன். இந்த மௌனத்துக்கு எதைச் சொல்வது?

சுருளை அவர் கத்தரித்திருந்தார். ஏழாவது வட்டத்துக்குக் கீழே ஒரு சதுரம் இல்லை. அந்த ஓட்டை வழியாகச் சுவரின் ஈரம் தெரிந்தது.

ரேவதியின் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் மத்தியானம், பேருந்து ஏதும் இல்லாத நேரம், அக்கா காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பின்பக்கம் திருப்பிப் பெஞ்சு மேல் வைத்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தார். பேனாவை இந்தத் தடவை தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இப்ப சொல்லு. அம்மா பேரு, அப்பன் பேரு. தெரிஞ்ச வரைக்கும் போதும். தெரியாதத தெரியாதுன்னே எழுதிக்கலாம்.”

கோபம் இல்லை அவர் முகத்தில். சுவரொட்டியின் கீழே பொடி எழுத்தில் விரல் வைக்கும்போது இருக்குமே, அதே முகம். நான் செய்த எல்லாவற்றுக்கும் பிறகு அவருக்கு நான் தேட வேண்டிய இன்னொரு ஆள்.

அம்மா பெயர் எனக்குத் தெரியும். வாய் வரை வந்தது. கூடலூர் பேருந்து வளைவில் ஹாரன் அடித்தது. “பஸ் வந்துருச்சுங்கக்கா, தண்ணி கொதிக்க வைங்க” என்றேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். நான் ஸ்வெட்டரைக் கழற்றி மூட்டை மேல் வைத்தேன். பயணிகள் இந்தக் கதவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கதவில் ஏறினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. போன மழைக்காலத்தில் ஒரு சிமெண்ட் லாரியில் அந்த வழியாகப் போனேன். மெஸ் இருந்தது. தகரம் புதிதாக மாற்றியிருந்தார்கள். அக்கா வாசலில் குனிந்து, டம்ளரை நீட்டியபடி, ஒரு வயதானவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பக் கேட்க ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது. டிரைவர் டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டப் போனார். வயிறு சரியில்லை, கூடலூர் போய்விடலாம் என்று சொல்லிவிட்டுச் சீட்டில் கீழே சரிந்து உட்கார்ந்தேன். வளைவு தாண்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்தத் தாளை அவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார். அவர் எந்தத் தாளையும் தூக்கிப் போட்டதில்லை.

எழுதிக்குங்கக்கா. அம்மா பேரு பழனியம்மா. அப்பன் பேரு தெரியாது. வகையறா தெரியாது.